பில் ஜூலையில் வரும், பேச்சு முந்தைய டிசம்பரிலேயே முடிந்திருக்கும்: தென்னாப்பிரிக்க மின்கட்டண முடிவுகளில் கருத்துச் சொல்வது எப்படி?

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ புதிதாக வீடெடுத்துத் தங்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒவ்வொரு ஜூலையும் ஒரே புலம்பல்தான். "போன மாசம் 500 ரேண்டுக்கு வந்த யூனிட் இந்த மாசம் வரலையே, மீட்டர்ல ஏதாவது கோளாறா?" பெரும்பாலும் மீட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது, புதுக் கட்டணமும் அன்றே அமலுக்கு வருகிறது. அந்தக் கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லுங்கள் என்று அரசே அழைத்த நாட்கள் அதற்கு வெகு முன்பே கடந்துபோயிருக்கும். அழைப்பு எங்கேயோ ஒரு மூலையில் வந்திருக்கும், நம் கண்ணில் பட்டிருக்காது.

அந்த நாட்கள் எவை, யாரிடம் பேசுவது, எதைப் பேசினால் காதில் ஏறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனுப் போட்டுப் பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வக்கீல் வேண்டாம், கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம்.

"நாமோ வேலை விசாவில் இருக்கிறோம், நமக்கு ஏது உரிமை?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஓட்டு குடிமக்களுக்குத்தான். ஆனால் அரசு நிர்வாகம் எடுக்கும் முடிவு சட்டப்படியும் நியாயமான முறைப்படியும் இருக்க வேண்டும் என்ற உரிமையை, அரசமைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 'எல்லோருக்கும்' என்றுதான் தருகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டின் தேசிய எரிசக்தி ஒழுங்காற்று ஆணையச் சட்டமும், முடிவால் பாதிக்கப்படுபவர்கள் தங்கள் கருத்தையும் ஆதாரத்தையும் முன்வைக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. வாடகை வீட்டில் டோக்கன் (முன்பணம் கட்டி வாங்கி மீட்டரில் போடும் எண்) வாங்கி விளக்கேற்றும் நீங்களும் பாதிக்கப்படுபவர்தான்.

உங்களுக்குக் கரன்ட் விற்பது யார்?

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குக் குடிபோனாலும் ஈ.பி. ஒன்றுதான். இங்கே அப்படியில்லை. மின்சாரத்தின் பெரும்பகுதியை உற்பத்தி செய்வது எஸ்காம். 1923இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. அதனிடம் மொத்தமாக வாங்கி வீடுகளுக்குச் சில்லறையாக விற்பவை பெரும்பாலும் நகராட்சிகள். டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரேபேங்க் என்றால் எத்தெக்வினி மாநகராட்சி. ஜோகன்னஸ்பர்க்கில் பெரும்பகுதிக்கு மாநகராட்சியின் சிட்டி பவர். ஆனால் அதே ஜோகன்னஸ்பர்க்கில் சொவேட்டோவுக்கும் சாண்ட்டன் பக்கம் பல இடங்களுக்கும் எஸ்காமே நேரடியாகத் தருகிறது. ஆகவே முதல் வேலை, பில்லையோ டோக்கன் சீட்டையோ எடுத்து மேலே யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது. எஸ்காம் பெயர் இருந்தால் கட்டண உயர்வு ஏப்ரல் 1 அன்று வரும். நகராட்சி பெயர் இருந்தால் ஜூலை 1.

சீட்டு கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறீர்கள், மாதாந்திர நிலைக்கட்டணம் என்று தனியாக ஏதாவது பிடிக்கிறார்களா, 15 விழுக்காடு வாட் போக மீதிக்கு எத்தனை யூனிட் கிடைக்கிறது. கடை வைத்திருப்பவர்களும் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களும் கட்டணப் பிரிவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அன்னதானச் சமையல்கூடத்துக்கு வணிகக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது தெரியாமலேயே வருடங்கள் ஓடிவிடும்.

முடிவு எந்த மேசையில் இருக்கிறது?

வீட்டுக்கு வரும் விலை மூன்று மேசைகளைத் தாண்டி வருகிறது. எஸ்காம் தனக்கு இவ்வளவு வருவாய் வேண்டும் என்று கேட்கிறது. அதைப் பரிசீலித்து வெட்டுவதோ கூட்டுவதோ நெர்சா. தேசிய எரிசக்தி ஒழுங்காற்று ஆணையத்தை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பிரிட்டோரியாவில் இருக்கிறது, ஒன்பது உறுப்பினர்கள், 2005 முதல் இயங்குகிறது. பிறகு உங்கள் நகராட்சி, எஸ்காமிடம் வாங்கும் விலையோடு தன் கம்பி, மின்மாற்றி, ஆள் செலவு, இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தன் கட்டணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் போடுகிறது. அந்தக் கட்டணத்துக்கும் நெர்சாவின் ஒப்புதல் வேண்டும்.

கடைசியாக நடந்த பெரிய சுற்றைப் பார்த்தால் காலக்கணக்கு புரியும். 2025/26 முதல் மூன்று ஆண்டுகளுக்கான விண்ணப்பத்தில் எஸ்காம் முதல் ஆண்டுக்குக் கேட்டது 36.15 விழுக்காடு உயர்வு. நெர்சா 2024 நவம்பர், டிசம்பரில் பல நகரங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தியது. 2025 ஜனவரி 30 அன்று கொடுத்தது 12.74 விழுக்காடு. எஸ்காம் நேரடி வாடிக்கையாளர்களுக்கு ஏப்ரலில் ஏறியது. நகராட்சிகளுக்கான மொத்த விலை ஜூலையில் 11.32 விழுக்காடு ஏறியது. அதன்பிறகுதான் நம் குழுவில் புலம்பல்.

மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இது ஒரு தடவை நடந்த அதிசயம் அல்ல. 2013இல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 16 கேட்டார்கள், 8 கிடைத்தது. 2022இல் 20.5 கேட்டு 9.61 கிடைத்தது. எல்லாமே மக்கள் பேசியதால் வெட்டப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நெர்சாவின் சொந்தக் கணக்கு அதில் பெரும்பங்கு. ஆனால் பேசுவதற்கு இடமே இல்லாத சடங்கு என்று ஒதுக்கவும் முடியாது.

பல்லாண்டு விண்ணப்பம் ஒவ்வோர் ஆண்டும் வராது. இப்போது ஓடும் சுற்று 2027/28 வரைக்கும். ஆனால் நடுவில் சும்மா இருப்பதில்லை. கடந்த ஆண்டு எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடியது, விற்பனை குறைந்தது என்று பின்னோக்கிச் சரிக்கட்டும் விண்ணப்பங்கள் வரும். கட்டண அமைப்பை மாற்றும் விண்ணப்பங்கள் வரும். நகராட்சிக் கட்டணமோ ஆண்டுதோறும். நெர்சாவின் இணையதளத்தில் 'கருத்துக்கு அழைப்பு' என்ற பகுதியை மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். எஸ்காம் விண்ணப்பத்துக்குப் பொதுவாக ஆண்டின் பிற்பாதியில், நகராட்சிக்கு மார்ச் கடைசியிலிருந்தே விழித்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை எப்படி வாசிப்பது?

எஸ்காமின் விண்ணப்பம் தலையணைத் தடிமனில் இருக்கும். முழுவதையும் வாசிக்க வேண்டாம். அதன் உள்ளே இருப்பது ஒரு கூட்டல் கணக்கு. நிலக்கரி, டீசல் போன்ற எரிபொருள் செலவு, தனியார் உற்பத்தியாளர்களிடம் வாங்கும் மின்சாரம், சம்பளம், பராமரிப்பு, சொத்துகளின் தேய்மானம், சொத்து மதிப்பின் மேல் ஒரு வருமானம், பழைய ஆண்டுகளின் சரிக்கட்டல். இதெல்லாம் சேர்ந்ததுதான் 'அனுமதிக்கப்பட்ட வருவாய்'. 2025/26க்கு எஸ்காம் கேட்டது சுமார் 44,600 கோடி ரேண்ட், நெர்சா அனுமதித்தது சுமார் 38,400 கோடி. இந்தத் தொகையை விற்கப்போகும் யூனிட்டுகளால் வகுத்தால் சராசரி விலை வந்துவிடும்.

இந்த வகுத்தலில்தான் விஷயம் இருக்கிறது. விலை ஏற ஏற வசதியுள்ளவர்கள் கூரையில் சோலார் போட்டுக்கொண்டு வாங்குவதைக் குறைக்கிறார்கள். விற்கும் யூனிட் குறைந்தால் அதே செலவை மிச்சமிருப்பவர்கள் சுமக்க வேண்டும். மறுபடி விலை ஏறும். ஆகவே விண்ணப்பத்தில் 'விற்பனை மதிப்பீடு' என்ற அத்தியாயத்தை முதலில் திறங்கள். அடுத்து எரிபொருள், அதிலும் டீசல். அவசரத்துக்கு எரிக்க வேண்டிய விசையாழிகளை எத்தனை மணி நேரம் ஓட்டுவதாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவது, நகராட்சிகள் எஸ்காமுக்கு வைத்திருக்கும் பாக்கி. 2025இல் அது 10,000 கோடி ரேண்டைத் தாண்டியது. ஒழுங்காகக் கட்டுபவர் தலையில் அது எந்த வழியாக வந்து விழுகிறது என்று கேட்பது எந்தக் குடும்பத்துக்கும் உரிய கேள்வி.

தேய்மானமும் சொத்து மதிப்பும் கணக்காளர்களின் சமாச்சாரம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் பெரிய பணம் அங்கேதான் கிடக்கிறது. 2025 ஜனவரி முடிவில் சொத்து மதிப்புக் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று பிறகு நெர்சாவே ஒத்துக்கொண்டு, சுமார் 5,400 கோடி ரேண்டை எஸ்காமுக்கு ஈடுகட்ட உடன்பட்டது. ஆகஸ்டில் அறிவித்த அந்த உடன்பாட்டின்படி 2026/27க்கு 5.36 ஆக இருந்த உயர்வு 8.76 ஆனது, அதற்கடுத்த ஆண்டுக்கு 6.19 ஆக இருந்தது 8.83 ஆனது. மக்களைக் கேட்காமல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை போனது. உங்களில் கணக்குத் தணிக்கை படித்தவர் யாராவது இருந்தால், அவர் கை வைக்க வேண்டிய அத்தியாயம் இது.

எழுத்துக் கருத்து: ஒரு பக்கம் போதும்

'ஏழைகளால் கட்ட முடியாது, உயர்வை ரத்து செய்யுங்கள்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? அனுதாபத்தோடு வாசிப்பார்கள், அவ்வளவுதான். 2006ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்காற்றுச் சட்டம் நெர்சாவின் கையைக் கட்டியிருக்கிறது: திறம்பட நடக்கும் ஓர் உரிமதாரர் தன் முழுச் செலவையும் நியாயமான லாபத்தையும் மீட்க அனுமதிக்க வேண்டும். அந்த வாசகத்தில் நமக்குப் பிடி கொடுக்கும் சொல் 'திறம்பட' என்பதுதான். வீண் செலவு, அளவுக்கு மீறிய மதிப்பீடு, ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டுவது இவற்றைக் காட்டினால் வெட்ட சட்டப்படி இடமிருக்கிறது. இரக்கத்தைக் கேட்டால் இடமில்லை. 'கட்ட முடியவில்லை' என்பதையும் சொல்லுங்கள், ஆனால் அதைத் தரவாகச் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு நிலைக்கட்டணம். 2024 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் ப்ரீபெய்டு வீடுகளுக்கு மாதம் 200 ரேண்ட், வாட்டோடு 230, புதிதாகப் பிடிக்கத் தொடங்கினார்கள். இதை எதிர்த்து எழுதும் ஒருவர் 'அநியாயம்' என்று எழுதலாம். இன்னொருவர் இப்படி எழுதலாம்:

"நாங்கள் மாதம் 150 யூனிட் வாங்கும் குடும்பம். இந்தக் கட்டணம் எங்களுக்கு யூனிட்டுக்கு 1 ரேண்ட் 53 சென்ட் கூடுதல் சுமை. 600 யூனிட் வாங்கும் வீட்டுக்கு இதே கட்டணம் யூனிட்டுக்கு 38 சென்ட்தான். குறைவாகப் பயன்படுத்துபவர் நான்கு மடங்கு கொடுப்பதற்கு எந்தச் செலவாய்வு ஆதாரம்? கடந்த 12 மாத டோக்கன் சீட்டுகளை இணைத்திருக்கிறேன். 200 யூனிட்டுக்குக் கீழே வாங்கும் வீடுகளுக்கு விலக்குத் தரக் கோருகிறேன்."

இரண்டாவது கடிதத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நகரமெங்கும் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டில் அந்தக் கட்டணத்தைக் குறைத்தார்கள்.

கடிதத்தின் வடிவம் எளிது. மேலே எந்த விண்ணப்பம் பற்றியது என்று அதன் பெயரை அப்படியே எழுதுங்கள். பிறகு நீங்கள் யார்: வீடு, கடை, பள்ளி, கோயில். எந்த ஊர், யார் கரன்ட் தருகிறார்கள். அடுத்து எந்தப் பக்கம், எந்தப் பத்தி பற்றிப் பேசுகிறீர்கள் என்ற எண். உங்கள் ஆதாரம். கடைசியில் ஆணையம் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். அழைப்பில் உள்ள மின்னஞ்சலுக்குக் கடைசித் தேதிக்கு முன் அனுப்பி, கிடைத்தது என்ற பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கடிதம் பொது ஆவணமாகலாம் என்பதால் வங்கிக் கணக்கு, அடையாள எண், மீட்டர் எண் இவற்றைச் சீட்டுகளில் மறைத்துவிட்டு இணையுங்கள். கடையின் விற்பனை விவரம் போன்றவை இருந்தால் அந்தப் பகுதி ரகசியம் என்று தனியாகக் குறித்துத் தனிப் பிரதியாகக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம். அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் தமிழ் அலுவல் மொழி அல்ல. இலக்கணம் பற்றிக் கவலைப்படாதீர்கள். உடைந்த ஆங்கிலத்தில் சரியான எண் இருந்தால் போதும்.

ஒரே வாசகத்தைப் பிரதியெடுத்து ஐந்நூறு பேர் அனுப்பும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. என் கருத்தில் அது பாதி வீண். எதிர்ப்பின் அளவைக் காட்டும், வாதம் ஒன்றாகத்தான் எண்ணப்படும். அதே ஐந்நூறு பேரில் இருபது பேர் தங்கள் சீட்டுக் கணக்கோடு தனித்தனியாக எழுதினால் அது வேறு மாதிரி.

நேரில் பேசப் போகிறவர்களுக்கு

எழுத்துக் கருத்தை அனுப்பும்போதே 'வாய்மொழியாகவும் பேச விரும்புகிறேன்' என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் வராது. கூட்டம் ஒரு ஹோட்டல் அரங்கிலோ மாநாட்டு மண்டபத்திலோ நடக்கும், இணையவழியாகவும் நடக்கும்.

உள்ளே போனால் வருகைப் பதிவேடு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். முன்னால் நெர்சா உறுப்பினர்கள் வரிசையாக. ஒரு பக்கம் எஸ்காம் குழு மடிக்கணினியும் கோப்புகளுமாக உட்கார்ந்திருக்கும். முதலில் அவர்கள் திரையில் படம் படமாகக் காட்டுவார்கள். பிறகு பெரிய தொழிற்சாலைகளின் சங்கம், சுரங்கக்காரர்கள், தொழிற்சங்கம், அதன்பிறகு நம்மைப் போன்றவர்கள். உங்கள் முறை காலை என்று போட்டிருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால்தான் வரும் என்று எண்ணிக்கொண்டு விடுப்பு எடுங்கள்.

கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். டர்பன் கூட்டமொன்றில் ஒரு பாட்டி பேசியதைப் பார்த்தேன். சாட்ஸ்வர்த்தில் எல்லோரும் ஆயா என்று கூப்பிடுகிற வயது. கையில் ரப்பர் பேண்டு போட்ட டோக்கன் சீட்டுக் கட்டு. உரை எதுவும் எழுதி வரவில்லை. ஒவ்வொரு மாதமும் அதே தொகைக்குக் கிடைத்த யூனிட்டை ஜனவரி, பிப்ரவரி என்று வாசித்துக்கொண்டே போனார். பென்ஷன் எவ்வளவு, அதில் கரன்ட்டுக்கு எவ்வளவு என்று சொல்லி நிறுத்தினார். உறுப்பினர் ஒருவர் அந்தச் சீட்டுகளின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். அதற்கு முன் இருபது நிமிடம் அரசியல் பேசியவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

உறுப்பினர்கள் கேள்வி கேட்டால் அது நல்ல அறிகுறி. பதில் தெரியாவிட்டால், எழுத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லி அடுத்த சில நாட்களில் அனுப்பிவிடுங்கள். எஸ்காம்காரர்களோடு நேருக்கு நேர் வாக்குவாதம் வேண்டாம், பேச்சு எப்போதும் ஆணையத்தை நோக்கி இருக்கட்டும். உங்கள் மீட்டர் பழுது, தவறான பில், தெருவில் மின்மாற்றி வெடித்தது இவற்றை இங்கே கொண்டுவராதீர்கள். அதற்கு வழி வேறு: முதலில் நகராட்சியிடம் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்க வேண்டும் (எத்தெக்வினியில் சிசகாலா மையங்களில் கொடுக்கலாம்). தீராவிட்டால் நெர்சாவின் தகராறு தீர்க்கும் பிரிவுக்குப் போகலாம்.

நகராட்சி: எல்லோரும் தவறவிடும் மேசை

எஸ்காம் கூட்டத்துக்குத் தொலைக்காட்சி வரும். நகராட்சிக் கூட்டத்துக்கு நாற்காலிகள்தான் வரும். ஆனால் உங்கள் சீட்டில் அச்சாகும் விலையைக் கடைசியாகத் தீர்மானிப்பது இங்கேதான். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, வரைவு வரவுசெலவுத் திட்டத்தை நிதியாண்டு தொடங்குவதற்கு 90 நாட்கள் முன்னதாக, அதாவது மார்ச் முடிவதற்குள், மன்றத்தில் வைத்தாக வேண்டும். உடனே அதை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். மே மாதக் கடைசியில் மன்றம் ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ளும். ஆக ஏப்ரலும் மே முதல் பாதியும்தான் உங்கள் காலம்.

இங்கே முதல் படி வார்டு கவுன்சிலர். அவர் தலைமையில் அதிகபட்சம் பத்துப் பேர் கொண்ட வார்டு குழு இருக்கும். உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொண்டு, வரவுசெலவுக் கூட்டம் எந்தத் தேதியில் எந்த மண்டபத்தில் என்று மார்ச் மாதமே கேளுங்கள். கவுன்சிலர் எந்தக் கட்சி என்று பார்த்துத் தயங்க வேண்டாம். கூட்டம் கட்சிக்கு உரியதல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் தேவையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டமே சொல்கிறது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

நகராட்சியிடம் கேட்க வேண்டிய ஒற்றைக் கேள்வி: "செலவாய்வு அறிக்கை எங்கே?" எந்த வகை வாடிக்கையாளருக்கு மின்சாரம் கொடுக்க எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்ட அறிக்கை அது. முன்பு நெர்சா எல்லா நகராட்சிகளுக்கும் பொதுவாக ஒரு விழுக்காட்டை வழிகாட்டியாகச் சொல்லும், நகராட்சிகள் அதையொட்டி ஏற்றிக்கொள்ளும். நெல்சன் மண்டேலா பே பகுதி வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2022 அக்டோபரில் அந்த முறை சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அதன்பின் செலவாய்வு இல்லாமல் கட்டணம் கேட்பது கடினமாகிவிட்டது. 2024லும் இதே விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அறிக்கையைத் தர மறுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் படிவம் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இதனால்தான் படிவத்தை ஜனவரி, பிப்ரவரியிலேயே போட்டுவிடச் சொல்கிறேன். ஏப்ரலில் போட்டால் பதில் வரும்போது காலம் கடந்திருக்கும்.

ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவசம் என்பது 2003 முதல் தேசியக் கொள்கை. தமிழ்நாட்டின் 100 யூனிட் போல எல்லோருக்கும் தானாக வராது, பதிவு செய்தவர்களுக்கே. உங்கள் தெருவில் தகுதியிருந்தும் பதிவில்லாதவர்கள் எத்தனை பேர் என்பதும் வரவுசெலவுக் கூட்டத்தில் சொல்லத்தக்க தகவல்தான்.

கட்டணத்துக்கு அப்பால்

எந்த எரிபொருளில், எங்கே, எவ்வளவு மின்சாரம் என்பதைத் தீர்மானிப்பது ஒருங்கிணைந்த வளத்திட்டம். வரைவு வெளியாகும்போது எரிசக்தித் துறை கருத்துக் கேட்கும். 2024 ஜனவரியில் வந்த வரைவுக்குப் பிப்ரவரி வரை அவகாசம் கொடுத்து, பிறகு ஒரு மாதம் நீட்டித்தார்கள். நீட்டிப்பு கேட்பதும் ஒரு பங்கேற்புதான், கேட்டால் சில சமயம் கிடைக்கும்.

மக்களைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 9,600 மெகாவாட் அணுமின் திட்டத்துக்கு அரசு முடிவெடுத்தபோது நெர்சா பொதுக் கருத்தைக் கேட்காமலே இசைவு தெரிவித்தது. எர்த்லைஃப் ஆப்பிரிக்கா என்ற அமைப்பும் சமய நம்பிக்கையாளர்களின் சுற்றுச்சூழல் அமைப்பான சஃப்சியும் வழக்குப் போட்டன. 2017 ஏப்ரல் 26 அன்று கேப் டவுன் உயர் நீதிமன்றம் அந்த முடிவுகளை ரத்து செய்தது. வழக்கை முன்னெடுத்த மகோமா லெகாலாகாலாவுக்கும் லிஸ் மெக்டெய்டுக்கும் மறு ஆண்டு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2024 ஆகஸ்டில் 2,500 மெகாவாட் அணுமின் முடிவு ஒன்றை, இன்னும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அமைச்சர் ராமொக்கோபாவே திரும்பப் பெற்றார். அந்தப் பழைய தீர்ப்பின் நிழல் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

மின்நிலையமோ எண்ணெய்க் கிடங்கோ பக்கத்தில் வருகிறது என்றால் சுற்றுச்சூழல் அனுமதிக்கான கட்டம் தனி. அதில் 'அக்கறையும் பாதிப்பும் உள்ள தரப்பு' என்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவர்களுக்கு ஆவணங்களும் அறிவிப்புகளும் வரும், கருத்துக்குக் குறைந்தது 30 நாள் கிடைக்கும். தெற்கு டர்பன்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெரேபேங்க்கிலும் வெண்ட்வர்த்திலும் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையில் வளர்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கிறார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கூட்டத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணியின் ஆட்களோடு ஒருமுறை போய்வாருங்கள். ஒரு கோப்பை எப்படிப் புரட்டுவது என்பதை அவர்களிடம் கற்கலாம். 1913இல் மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இறக்கியவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்வரிசையில் இருந்த மாகாணம் இது. நமக்கு இங்கே பழைய கணக்கு உண்டு.

பெட்ரோல் விலைக்கு நெர்சாவிடம் போகாதீர்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும் அந்த விலையைக் கனிம, பெட்ரோலிய வளத் துறையே அறிவிக்கிறது.

முடிவு வந்த பிறகு

நெர்சா விழுக்காட்டை அறிவிக்கும் நாளில் செய்தியில் வருவது ஒரு எண்தான். நமக்கு வேண்டியது அதன்பின் வெளியாகும் 'முடிவுக்கான காரணங்கள்' என்ற ஆவணம். காரணங்களை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். அதில் பொதுமக்கள் கருத்துகளைப் பற்றிய பகுதியைத் தேடுங்கள். உங்கள் வாதத்துக்குப் பதில் இருக்கிறதா, இல்லை 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்களா? பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். வழக்குப் போட நினைக்கும் அமைப்புகளுக்கு அவகாசம் 180 நாள்தான், அதையும் நியாயமற்ற தாமதம் இல்லாமல் செய்ய வேண்டும். தனி ஆளாக உயர் நீதிமன்றம் ஏற வேண்டாம், செலவு தாங்காது. ஆனால் ஏறப்போகும் சங்கத்துக்கு, 'இன்ன தேதியில் இந்தக் கேள்வியைக் கேட்டோம், பதில் வரவில்லை' என்று காட்ட உங்கள் கடிதமும் கிடைத்த ரசீதும் தேவைப்படும். அவற்றை டோக்கன் சீட்டுகளோடு ஒரே உறையில் போட்டுவையுங்கள். சீட்டு மை மங்கிவிடும், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.